யார் அளந்தது, யார் தலையில் விடிந்தது: அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சுற்றுச்சூழலையும் சமூகவியல் கண்ணால் பார்க்கத் தொடங்குவோருக்கு

அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைச் சமூகவியலாகப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு உள்ளே வருபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். வாசலிலேயே பெயர்களும் கோட்பாடுகளும் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. மெர்ட்டன் என்ன சொன்னார், கூன் எங்கே வேறுபட்டார், லத்தூர் இருவரையும் விட்டு ஏன் விலகினார் என்று உருப்போட்டு முடிப்பதற்குள், எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகிறது. நான் சொல்லப்போவது தலைகீழ் வழி. முதலில் ஒரு பொருளைக் கையில் எடுங்கள், அதைக் கேள்வி கேட்டுப் பழகுங்கள். கோட்பாடு அப்புறம் வரட்டும்.

எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே ஒரு கவலைதான் இருக்கிறது. ஒரு கருவியை வடிவமைக்கும்போதும், எவ்வளவு மாசு வரை பரவாயில்லை என்று வரம்பு வைக்கும்போதும், எங்கே எதை அளப்பது என்று தீர்மானிக்கும்போதும் யாரோ சிலர் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவின் பலனையோ பாரத்தையோ சுமப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். இந்த இடைவெளி எங்கே, எப்படி உண்டானது என்று ஆதாரத்தோடு காட்டுவதுதான் நம் வேலை.

முதல் படி: கைக்கு அடங்கும் ஒரு பொருள்

"பருவநிலை மாற்றமும் சமூகமும்" என்று ஆரம்பித்தால் கரை காண முடியாது. ஒரு மீட்டர், ஒரு படிவம், ஒரு எச்சரிக்கைப் பலகை, காற்றின் தரத்தைச் சொல்லும் ஓர் எண், கழிவுநீர் வெளியேறும் ஒரு குழாய் என்று சின்னதாக எடுங்கள். எடுத்தது சரிதானா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அதை நேரில் போய்ப் பார்க்க முடியுமா? அதைச் செய்தவர், பயன்படுத்துபவர், பழுது பார்ப்பவர், அதனால் பாதிக்கப்படுபவர் என்று நாலைந்து பேரையாவது அடையாளம் காட்ட முடியுமா? அதைப் பற்றி எங்காவது ஒரு புகாரோ தகராறோ கிளம்பியிருக்கிறதா? மூன்றாவதுதான் முக்கியம். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தொழில்நுட்பம் நம் கண்ணிலேயே படுவதில்லை. தகராறு வரும்போது அதன் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது.

எடுத்துக்காட்டாக, பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் இது, கோவிட் காலத்தில் உலகம் முழுக்க வீடுகளுக்குள் நுழைந்த கருவி. விரல் நுனியில் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்கிறோம். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கத்தில் ஒளியை உணரும் ஒரு சில்லு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடி துடிக்கத் துடிக்க அந்த அளவு கூடிக் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது.

ஆனால் விகிதம் தானாகவே 97 என்றோ 94 என்றோ ஆகிவிடாது. தன்னார்வலர்கள் சிலரின் விரலில் கருவியை மாட்டி, அதே நேரத்தில் அவர்கள் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, "விகிதம் இவ்வளவு என்றால் ஆக்சிஜன் இவ்வளவு" என்று முன்பே ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு கருவிக்குள் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் விரலில் தெரியும் எண், அவர்களுடைய உடல்களை வைத்துச் செய்த ஓர் ஊகம்.

அப்படியானால் அந்தத் தன்னார்வலர்கள் யார்?

இரண்டாம் படி: யாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது?

தோலில் உள்ள நிறமியும் ஒளியை உறிஞ்சும். கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவியின் பிழை அதிகம் என்று 1990-லேயே ஒரு மருத்துவ ஆய்வு சொல்லிவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2020-ல், அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை நேரடியாக எடுத்துச் சோதித்தபோது ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்தது எத்தனை முறை? வெள்ளை இன நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். மருத்துவமனையில் சேர்ப்பதா, ஆக்சிஜன் கொடுப்பதா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்த ஆண்டு அது.

இதில் யாரும் சதி செய்யவில்லை. சோதனைக்குக் கிடைத்தவர்களை வைத்துச் சோதித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் யார் "கிடைத்தவர்கள்" என்பது சமூகம் தீர்மானித்த விஷயம். 1990-ல் தெரிந்தது 2020 வரை எப்படி ஓரமாகவே கிடந்தது என்பதும் அப்படித்தான். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் அதிகம் வலிக்கிறது.

நீங்கள் எடுத்த பொருளிலும் இதையே தேடுங்கள். அதன் கையேட்டைப் படியுங்கள், தர நிர்ணய ஆவணம் இருந்தால் அதையும் படியுங்கள். "சாதாரணப் பயனர்", "சராசரி நபர்", "வழக்கமான சூழல்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அடிக்கோடிடுங்கள். அந்தச் சராசரி நபருக்கு என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன உயரம், என்ன மொழி, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கார் மோதல் சோதனைகளில் நெடுங்காலம் நடு உயரமுள்ள ஓர் ஆணின் உடலைத்தான் முதன்மை மாதிரியாக உட்கார வைத்தார்கள். இப்படி ஓர் உருவம் கிட்டத்தட்ட எல்லாக் கருவிக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

மூன்றாம் படி: முடிவாகாத காலத்துக்குப் போய் வாருங்கள்

இன்று இருக்கும் வடிவம்தான் இயல்பானது, வேறு வழியே இருந்திருக்காது என்று நமக்குத் தோன்றும். இந்தத் தோற்றத்தை உடைக்க வரலாறு வேண்டும். சைக்கிளைப் பாருங்கள். 1870-களில் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு, பின்சக்கரம் சின்னதாக ஒரு வண்டி ஓடியது. துணிச்சல்காட்ட விரும்பிய இளைஞர்களுக்கு அது வீர விளையாட்டு. வயதானவர்களுக்கும் நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கும் அது கழுத்தை முறிக்கும் வண்டி. ஒரே பொருள்தான், ஆனால் பார்ப்பவர்களைப் பொறுத்து இரண்டு வேறு வண்டிகள். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபோது அது குலுங்கலைக் குறைக்க வந்த ஏற்பாடு. குலுங்குவதைப் பொருட்படுத்தாத பந்தயக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த டயர் பந்தயங்களில் ஜெயிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. குலுங்கலுக்கு மருந்தாக வந்தது வேகத்துக்கு வழியாக மாறிப்போனது.

ட்ரெவர் பிஞ்சும் வீபே பைக்கரும் 1984-ல் இந்தக் கதையை வைத்துத்தான் தொழில்நுட்பத்தைச் சமூகவியலாகப் படிக்க ஒரு முறையை முன்வைத்தார்கள். செய்முறை எளிது. தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் அந்தப் பொருளோடு தொடர்புள்ள குழுக்கள். இரண்டாவதில் ஒவ்வொரு குழுவுக்கும் அது என்ன பிரச்சினை அல்லது என்ன தீர்வு என்பது. மூன்றாவதில் விவாதம் எப்போது, யாருக்குச் சாதகமாக நின்றுபோனது என்பது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நல்லது. விவாதம் இன்னும் ஓயவில்லை என்று அர்த்தம், நீங்கள் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. குழுவாகத் திரண்டு குரல் கொடுத்தவர்கள்தான் பட்டியலில் ஏறுவார்கள். யாருக்கும் கேட்காமல் போனவர்களுக்குத் தாளின் ஓரத்தில் தனியாக இடம் விட்டு வையுங்கள்.

நான்காம் படி: எண்ணின் பின்னாலேயே நடங்கள்

சுற்றுச்சூழல் விஷயத்தில் இறங்கினால் எண்கள் வரும். இந்த அளவுக்குள் இருந்தால் பாதுகாப்பு, இத்தனை நாளில் சரியாகிவிடும், ஆபத்து இத்தனை லட்சத்தில் ஒன்று. புதிதாக வருபவர்கள் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் "எல்லாம் பொய்" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். எண் எங்கே பிறந்தது, என்ன அனுமானத்தோடு பிறந்தது என்று அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படி நடந்துபோன ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சமூகவியலாளர் பிரையன் வின் செய்தது. இந்தத் துறைக்கு ஒருவரை அழைத்துவர வேண்டுமென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் அதன் கதிரியக்க மேகம் பிரிட்டனுக்கு மேலே வந்தபோது, வடமேற்கு இங்கிலாந்தின் கும்பிரியா மலைப்பகுதியில் கனமழை. மழையோடு சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் இறங்கியது, புல்லிலிருந்து ஆட்டுக்குப் போனது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜூன் 20 அன்று திடீரென்று செம்மறி ஆடுகளை இடம் மாற்றவோ அறுக்கவோ கூடாது என்று தடை வந்தது. மூன்று வாரத்தில் சீசியத்தின் அளவு குறைந்துவிடும், அப்புறம் தடையை எடுத்துவிடலாம் என்றார்கள்.

மூன்று வாரம் போனது. குறையவில்லை. தடை காலவரையின்றி நீண்டது. சில பண்ணைகளில் கடைசியாகத் தடை நீங்கியது 2012-ல்தான்.

எங்கே தவறியது? சீசியம் மண்ணில் போய் ஒட்டிக்கொண்டுவிடும், செடி அதை மறுபடி உறிஞ்சாது என்று விஞ்ஞானிகள் கணக்கு போட்டிருந்தார்கள். களிமண் நிலத்துக்கு அந்தக் கணக்கு சரி. மலைமேல் இருந்ததோ தாவரங்கள் மட்கிக் கிடக்கும் அமில மண். அதில் சீசியம் ஒட்டாமல் திரிந்தது. புல் அதை உறிஞ்சியது, ஆடு மேய்ந்தது, ஆட்டின் கழிவு மறுபடி மண்ணுக்கே வந்தது. ஒரு நிலத்தில் பிறந்த அறிவை அதன் மண்ணிலிருந்து பிடுங்கி வேறொரு நிலத்தில் நட்டுவிட்டார்கள், நட்டதே தெரியாமல்.

பண்ணையாளர்கள் இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்தார்கள். ஒரே நிலத்தில் சில அடி தள்ளி அளந்தாலே எண் மாறுவதைப் பார்த்தார்கள். அறிக்கையில் வந்ததோ எந்தத் தடுமாற்றமும் இல்லாத ஒற்றை எண். ஆடுகளை மலையிலிருந்து இறக்கிப் பள்ளத்தாக்கிலேயே வைத்திருங்கள், அங்கே சீசியம் குறைவு என்று அறிவுரை வந்தது. பள்ளத்தாக்குப் புல்லைக் குளிர்காலத்துக்கு என்று சேமித்து வைப்பார்கள், இப்போதே மேய்த்துவிட்டால் அப்புறம் ஆடு பட்டினி. இது சொன்னவருக்குத் தெரியவில்லை. பென்டோனைட் என்ற களிமண் தூளை நிலத்தில் தூவினால் சீசியம் ஒட்டிக்கொள்ளுமா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனையும் நடந்தது. திறந்த மலையில் திரிந்து மேயும் ஆடு வேலிக்குள் அடைத்தால் மெலிந்துபோகும், சோதனையே கெட்டுப்போகும் என்று பண்ணையாளர்கள் முன்பே சொன்னார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் சொன்ன காரணத்தாலேயே அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அதே பகுதியில் ஓர் அணுசக்தி வளாகம் இருக்கிறது. 1957-ல் அங்கே தீ விபத்து நடந்து கதிரியக்கம் வெளியேறியது. "இந்தச் சீசியம் எல்லாம் இப்போது வந்ததுதானா, இல்லை பழசும் கலந்திருக்கிறதா?" என்று பண்ணையாளர்கள் கேட்டார்கள். அது படிப்பறிவில்லாதவர்களின் பயம் என்று ஒதுக்கக் கூடிய கேள்வியா? அணுகுண்டுச் சோதனைகளிலிருந்தும் 1957 தீயிலிருந்தும் வந்த பழைய சீசியமும் அதில் கணிசமாக இருந்தது என்று பின்னாளில் விஞ்ஞானிகளே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த விவகாரத்தில் வின் கண்டது, மக்கள் அறிவியல் புரியாமல் அவநம்பிக்கை கொள்ளவில்லை என்பது. எதிரில் இருக்கும் நிறுவனம் இதற்கு முன் எப்படி நடந்துகொண்டது, தங்களுக்குத் தெரிந்ததை அது மதிக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா என்று எடைபோட்டுத்தான் அவர்கள் நம்பவோ நம்பாமலிருக்கவோ செய்தார்கள்.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். எந்த எண்ணாக இருந்தாலும் இதைக் கேளுங்கள்: எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் அளந்தது? எத்தனை அளவுகளின் சராசரி, அந்தச் சராசரிக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தது? எந்த அனுமானம் பிசகினால் இந்த எண் சரியும்? அந்த அனுமானம் இங்கே பொருந்துகிறதா என்று சொல்லக்கூடியவர் யார், அவரிடம் யாராவது கேட்டார்களா? வரைவு அறிக்கையும் இறுதி அறிக்கையும் இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வரைவில் இருந்த "இருக்கலாம்", "உறுதியில்லை" போன்ற சொற்கள் இறுதியில் எங்கே காணாமல் போயின என்று குறித்தாலே பாதி ஆய்வு முடிந்தது.

ஐந்தாம் படி: ஒரே வெயில், இரண்டு தெரு

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தை வெப்ப அலை தாக்கியது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். வெயில்தானே, இயற்கைதானே என்று விட்டுவிடலாம். எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் விடவில்லை. அடுத்தடுத்து இருந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்ற இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். ஒரே வெயில், தனியாக வாழும் முதியவர்களும் ஏழைகளும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். வடக்கில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் லட்சத்துக்கு நாலு பேர்கூட இல்லை.

வித்தியாசம் தெருவில் இருந்தது. வடக்கு லாண்டேலில் தொழிற்சாலைகளும் கடைகளும் போய்விட்டிருந்தன. காலி மனைகள், ஆளில்லாத தெருக்கள், வெளியே வர பயம். முதியவர்கள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து இறந்தார்கள். தெற்கில் தெரு ஜேஜே என்று இருந்தது. கடை திறந்திருக்கும், நடந்து போய்க் குளிர்ந்த கடைக்குள் கொஞ்ச நேரம் நிற்கலாம். வராவிட்டால் "என்ன, இன்னிக்கு ஆளைக் காணோம்" என்று கேட்கவும் ஆள் உண்டு.

இந்த ஒப்பீட்டு முறையைக் கடன் வாங்குங்கள். ஒரே பாதிப்பு, வேறு வேறு விளைவு: இப்படி இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்க முடிந்தால் "இயற்கை" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சமூகம் தானாக வெளியே வரும். இதன் மறுபக்கம், பாதிப்பே சமமாக விழாத இடங்கள். 1982-ல் அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில், பிசிபி நச்சு கலந்த மண்ணைக் கொட்டக் குப்பைக்கிடங்கு அமைத்தபோது மக்கள் லாரிகளுக்கு முன்னால் படுத்து மறித்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கு வந்தேவிட்டது. ஆனால் அபாயக் கழிவு மையங்கள் எங்கே அமைகின்றன என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்க அந்தப் போராட்டம் தூண்டுதலானது. 1987-ல் வெளிவந்த அறிக்கை, மற்ற காரணிகளைவிட இனம்தான் அதை வலுவாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது. சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் பரவியது இப்படித்தான். உங்கள் பொருளுக்கு ஒரு வரைபடம் போட்டு, பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்று இரண்டு நிறத்தில் தீட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: யாருடைய சந்தேகம், யாருக்கு அதனால் லாபம்?

அறிவியல் என்பது மனிதர்கள் செய்வது என்று சொன்னவுடனே, "அப்படியென்றால் எல்லாம் கருத்துதானே" என்று சிலர் தாவிவிடுவார்கள். புதியவர்கள் தவறும் இடம் இது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பாலத்தையும் மனிதர்கள்தான் கட்டுகிறார்கள், அதற்காக அது பொய்ப் பாலம் ஆகிவிடாது. நன்றாகக் கட்டியதா, அவசரத்தில் கட்டியதா என்பதுதான் கேள்வி. பருவநிலை குறித்து 1988-ல் அமைந்த ஐபிசிசி குழுவின் அறிக்கைச் சுருக்கத்தை, அரசுகளின் பிரதிநிதிகள் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து வரி வரியாக ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுகிறார்கள். அந்த ஒப்புதல் ஒரு சமூகச் செயல்தான். பூமி சூடாவதும் அதற்கு மனிதர்கள் காரணம் என்பதும் அதனால் பலவீனமாவதில்லை.

சந்தேகத்தையும் மனிதர்கள்தான் செய்கிறார்கள், சில சமயம் தொழிற்சாலையில் சரக்கு செய்வதுபோல. 1969-ல் ஓர் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் உள் குறிப்பு, சந்தேகம்தான் நமது சரக்கு என்று வெளிப்படையாகவே எழுதியது.

மினமாட்டாவை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் அந்த விரிகுடா ஊர்களில் முதலில் பூனைகள் தள்ளாடி வலிப்பு வந்து செத்தன. 1956 மே மாதம் மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959-ல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு, அந்தக் கடலில் கழிவைக் கொட்டிவந்த சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் ஆலையின் சொந்த மருத்துவர் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. முடிவு வெளியே வரவில்லை. அந்த டிசம்பரில் ஆலை ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தை நிறுவியது. திறப்பு விழாவில் நிறுவனத் தலைவர் ஒரு குவளைத் தண்ணீரை எல்லோர் முன்னும் குடித்துக் காட்டினார். அந்த இயந்திரம் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக வடிவமைத்ததே இல்லை. அது நீக்கியது மக்களின் சந்தேகத்தை மட்டும். 1965-ல் நீகாட்டாவில் வேறொரு நிறுவனத்தின் அதே வகை ஆலையால் அதே நோய் வந்தது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-ல். பன்னிரண்டு ஆண்டுகள் மீனவக் குடும்பங்கள் அதே கடலின் மீனைத் தின்றுகொண்டிருந்தன.

"இன்னும் ஆதாரம் வேண்டும்" என்று யாராவது சொல்லும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அவர் அந்த ஆதாரத்தைத் தேடப் பணமும் வழியும் தருகிறாரா, அல்லது தேடுபவரைத் தடுக்கிறாரா? முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் யாருக்கு மிச்சம், யாருக்கு நஷ்டம்? கும்பிரியாப் பண்ணையாளர்களின் சந்தேகத்தையும் புகையிலை நிறுவனத்தின் சந்தேகத்தையும் இந்த இரண்டு கேள்விகளே பிரித்துக் காட்டிவிடும்.

ஏழாம் படி: போய்க் கேளுங்கள்

ஆவணம் மட்டும் போதாது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு புதுவகை லேசரைப் பல ஆய்வகங்கள் செய்ய முயன்றதை ஹாரி காலின்ஸ் ஆராய்ந்தார். எழுதிய தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்தாலும் அதை ஓட்ட முடியவில்லை. ஏற்கெனவே செய்து ஓட்டிய ஆட்களோடு பழகியவர்களுக்குத்தான் கைகூடியது. கைப்பழக்கம் தாளில் ஏறாது. அதனால் ஆட்களைத் தேடிப் போங்கள். அறிக்கையில் பெயர் வராதவர்களை முதலில் பாருங்கள்: மாதிரி எடுக்கப் போகிறவர், கருவியைத் துடைத்து வைப்பவர், எண்களைக் கணினியில் ஏற்றுபவர்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். பெயரை மாற்றி எழுதுவேன் என்று சொன்னால், ஊர், பதவி போன்ற அடையாளங்களையும் மறைக்க வேண்டும். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். "அன்றைக்கு என்ன நடந்தது?", "எப்படிச் செய்வீர்கள், காட்டுங்களேன்" என்று கேளுங்கள். செய்துகாட்டும்போது சொல்லாததெல்லாம் வரும். நடுவில் மௌனம் வந்தால் அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். அன்றிரவே எழுதிவிடுங்கள், அவர் சொன்னது ஒரு பத்தியில், உங்களுக்குத் தோன்றியது இன்னொரு பத்தியில். ஒரு வாரம் போனால் இரண்டும் கலந்துவிடும்.

எட்டாம் படி: சரி, இப்போது கோட்பாடு

இவ்வளவும் செய்துவிட்டு வந்தால் பெயர்கள் பயமுறுத்தாது. ராபர்ட் மெர்ட்டன் 1942-ல் விஞ்ஞானிகளின் நெறிகளைச் சொன்னார்: கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொது, சொன்னவர் யார் என்று பார்க்காமல் சொன்னதைச் சோதிப்பது, சொந்த லாபத்தை ஒதுக்குவது, எதையும் முறைப்படி சந்தேகிப்பது. பூனைச் சோதனையை மறைத்த இடத்தில் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். தாமஸ் கூன் 1962-ல், விஞ்ஞானிகள் பெரும்பாலான நேரம் ஒரு பொதுச் சட்டகத்துக்குள்ளேயே வேலை செய்கிறார்கள் என்றார். களிமண் கணக்கு நினைவுக்கு வரும். டேவிட் ப்ளூர் 1976-ல், பொய்யான நம்பிக்கைக்கு மட்டும் சமூகக் காரணம் தேடாதீர்கள், மெய்யானதற்கும் அதே முறையில் தேடுங்கள் என்றார். பழகினால் மிகவும் உதவும் ஒழுக்கம் இது. லத்தூரும் வுல்காரும் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வகத்தை, முன்பின் தெரியாத ஒரு சமூகத்துக்குள் போன மானிடவியலாளரைப்போல உற்றுப் பார்த்து 1979-ல் எழுதினார்கள்.

சுற்றுச்சூழல் பக்கம், வில்லியம் கேட்டனும் ரைலி டன்லப்பும் (டயர் டன்லப் அல்ல) 1978-ல் சமூகவியலையே கடிந்துகொண்டார்கள், மனிதர்கள் இயற்கைக்கு வெளியே இருப்பதுபோல எழுதிக்கொண்டிருக்கிறீர்களே என்று. உல்ரிச் பெக் 1986-ல், நவீனத் தொழிலே உற்பத்தி செய்யும் ஆபத்துகளைப் பங்கிடுவதுதான் இனி அரசியலின் மையம் என்றார். செர்னோபில் நடந்ததும் அதே ஆண்டு.

மனிதரையும் மனிதர் அல்லாதவற்றையும் ஒரே வலையில் வைத்துப் பேசும் லத்தூர், கலோன் வழியைக் கடைசியில் படிக்கச் சொல்வேன். அது ஆழமானதுதான், ஆனால் அதன் சொல்லாட்சி தொற்றிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே அதில் விழுந்தவர்கள் வலைப்பின்னலை அழகாக வரைந்துவிட்டு, யார் யாரை அழுத்துகிறார் என்று சொல்லாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் படி: எழுதுவது

நடந்ததை நடந்த வரிசையிலேயே முதலில் எழுதுங்கள். விளக்கத்தை அப்புறம் சேருங்கள். நிபுணரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே கவனத்தோடு எழுதுங்கள். நிபுணருக்கு எது தெரிந்திருந்தது, எந்த நெருக்கடியில் முடிவெடுத்தார் என்று சொல்லாத கட்டுரை பழி சொல்லலாகத்தான் நிற்கும். அளக்காமல் விட்டது, கேட்காமல் விட்டது, கிடைக்காத ஆவணம் ஆகியவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முடித்த வரைவை, பேசியவர்களில் இரண்டு மூன்று பேரிடமாவது படித்துக் காட்டுங்கள். "இது இப்படி நடக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் உங்கள் வரியை உடனே அடித்துவிடாதீர்கள், அவரோடு வாதாடவும் வேண்டாம். அவர் சொன்னதை அதன் கீழேயே அவர் சொற்களில் எழுதி, எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று குறித்து வையுங்கள். அந்த இடத்துக்கு மறுபடி ஒருமுறை போய், இந்த முறை வேறொருவரிடம் கேளுங்கள்.